எந்த எலும்புப் பொடி என்று கேட்ட மகனுக்கு

நிச்சயதார்த்தப் படத்தில் வாயைத் திறக்காமல் நிற்கிற என் மகனே,

படம் வந்துவிட்டது. உன் அம்மா அதைச் சட்டம் போட்டு டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறாள். டி. கல்லுப்பட்டிப் பெண் எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிறது. உன் மாமா சிரிக்கிறார். கீழ்வரிசையில் ஒரு பல் போன ஓட்டையோடு நானே கூச்சமில்லாமல் சிரிக்கிறேன். நீ மட்டும் கண்ணெதிரே பஸ்ஸைத் தவறவிட்டவன் போல உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறாய். "பிள்ளைக்கு வெக்கம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் உன் அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறாள். நானும் ஆமாம் என்று தலையாட்டுகிறேன். உனக்கு வெட்கம் வந்து இதுவரை நான் பார்த்ததில்லை. ஏறுகிற, இறங்குகிற முகங்களைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிற கண்டக்டர் நான். ஒருவன் வெட்கப்படுகிறானா, பல்லை மறைக்கிறானா என்பது எனக்குத் தெரியாதா?

அதற்கப்புறம்தான் நீ போன் செய்தாய். மேல்வரிசையில் முன்பல்லுக்கு அடுத்த பல் கொஞ்சம் கொஞ்சமாக விலகி வருகிறது, லேசாக ஆடவும் செய்கிறது என்றாய். சென்னையில் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திருக்கிறார். ஈறு நோய் முற்றி, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு அந்த இடத்தில் கரைந்துபோயிருக்கிறதாம். பல்லைப் பிடுங்கிவிட்டுச் செயற்கைப் பல் வைக்கலாம். இல்லையென்றால் ஈறைத் திறந்து சுத்தம் செய்து, எலும்பு திரும்ப வளர்வதற்கு ஏதாவது வைத்துத் தைத்துப் பார்க்கலாம். அந்த 'ஏதாவது' பல வகையாம். "அப்பா, நீங்க இதெல்லாம் பண்ணிருக்கீங்கள்ல, எந்தப் பொடி நல்லது? திங்கக்கிழமை நீங்களே வந்து டாக்டர்ட்ட பேசிருங்க" என்றாய்.

போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். போனில் என்றால் நீ 'சரிப்பா, சரிப்பா' என்று சொல்லிக்கொண்டே வேறு எதையோ பார்ப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவருக்கொருவர் கும்பிடு போட்டுப் பிரிந்துவிட்டோம். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள். நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுவதற்கும் ஒரு காரணம் உண்டு. உன்னைப் போல வாயை மூடிக்கொண்டு நிற்கிற பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அவர்களுடைய அப்பன்மாருக்கும் என்னைப் போலவே நேரில் சொல்ல வாய் வராது. பயப்படாதே, உன் பெயரைப் போடவில்லை.

முதலில் இந்த நோயின் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். சொத்தைப் பல் ஒரு வகையில் யோக்கியன். வலித்துத் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். ஈறு நோய், டிக்கெட் எடுக்காமல் பின்சீட்டில் தூங்குவதுபோல நடிக்கிற ஆள் மாதிரி. சத்தமே இருக்காது. பல் தேய்க்கும்போது கொஞ்சம் ரத்தம், காலையில் வாயில் ஒரு நாற்றம், அவ்வளவுதான். எனக்கு இடது பக்கம் ரத்தம் வந்தது. ரத்தம் வருகிற இடத்தைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு மற்ற பக்கத்தை மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தேன். புண் என்றால் தொடாமல் ஆறவிடுவதுதானே நமக்குத் தெரிந்த வைத்தியம். ஆனால் இங்கே தொடாமல் விட்ட இடத்தில்தான் அழுக்கு சேர்ந்து, கல்லாக இறுகி, ஈறுக்கு அடியில் இறங்கிவிட்டது. சரி, பல்லைச் சுத்தம் செய்யலாமா என்று உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் விசாரித்தேன். "அது மட்டும் வேணாம்ணே. கறைதான் பல்லைப் பிடிச்சு நிறுத்திருக்கு. அத எடுத்தா அம்புட்டும் ஆடும்" என்றார்கள். அப்படிச் சொன்னவர்களில் பாதிப் பேருக்குப் பல்லே இல்லை. அதை நான் யோசித்துப் பார்க்கவில்லை.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்லி எலும்பைக் கடிக்கும்போது கடைவாய்ப் பல் ஒன்று ஊஞ்சல் ஆடியது. காதர் பாயை உனக்குத் தெரியும்; படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், ஆரப்பாளையத்திலிருந்து எழுமலைக்குப் போகிற எங்கள் பஸ்ஸின் டிரைவர். விசாரித்தால் அவருக்கும் பல் ஆடுகிறது. ஒரே பஸ், ஒரே ரோடு, ஒரே குலுக்கல் என்று இரண்டு பேரும் சேர்ந்து நெடுஞ்சாலைக்காரர்களைத் திட்டினோம். பிறகு மதுரையில் ஈறு வைத்தியத்துக்கென்றே தனியாகப் படித்த ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். சின்ன வயது. கையில் ஊசி போன்ற ஒரு அளவுகோலை வைத்துக்கொண்டு ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் எம்புட்டு ஆழம் இறங்குகிறது என்று ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார்.

"சுத்தம் பண்ணா பல்லு ஆடும்கிறாங்களேம்மா" என்றேன்.

"இப்பவே ஆடுதேண்ணே."

"இது ரோட்டால ஆடுது."

"ரோடு உங்க வாய்க்குள்ளயா போகுது?" என்றார். காதர் பாய் சிரித்தார். "பாய், அடுத்து நீங்கதான்" என்றதும் நிறுத்திக்கொண்டார். "அந்தக் கல்லு பல்லைப் பிடிச்சு நிக்கலண்ணே. எலும்பு இருந்த எடத்துல வந்து உக்காந்திருக்கு. அத எடுத்தா, ஏற்கெனவே ஆடுறது உங்களுக்குத் தெரிய வரும். அம்புட்டுதான்."

இங்கே ஒன்றைக் கவனி. உடனே ஈறைத் திறந்து பொடி போட்டுவிடவில்லை. முதலில் ஈறுக்கு அடியில் வேர் வரைக்கும் சுத்தம் செய்தார். சர்க்கரை இருக்கிறதா என்று ரத்தம் பார்க்கச் சொன்னார். பல் தேய்க்கக் கற்றுக்கொடுத்தார். இந்த வயதில் ஒரு பெண்பிள்ளையிடம் பல் தேய்க்கப் படித்தேன். விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு டிக்கெட் கிழிக்கிற பழக்கத்தையும் விடச் சொன்னார். நோய் வந்த பல்லுக்கு அந்த அழுத்தமும் ஆகாதாம். சில வாரம் கழித்து மறுபடி அளந்து பார்த்தபோது பாதி இடங்களில் ஈறு தானே இறுகிவிட்டது. அதற்கு எந்தப் பொடியும் தேவைப்படவில்லை. மிஞ்சியது இரண்டு பல். இடது பக்கக் கடைவாய்ப் பல் ஒன்று, கீழே வலது பக்கம் ஒன்று. அந்த இரண்டுக்கும்தான் எலும்பு வளர்க்கிற பேச்சு வந்தது.

அன்றைக்கு உன் அம்மாவும் வந்திருந்தாள். டாக்டரம்மா ஒவ்வொரு வகையாகச் சொல்ல ஆரம்பித்தார். மாட்டு எலும்பைச் சூடாக்கி, அதிலிருக்கிற கொழுப்பு, சதைச் சத்தெல்லாம் நீக்கி, வெறும் தாதுவாக ஆக்கிய பொடி ஒன்று இருக்கிறது, நிறைய இடங்களில் அதைத்தான் வைக்கிறார்கள் என்றார். உன் அம்மா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

"மாடா? வேணவே வேணாம் டாக்டரம்மா. வெள்ளிக்கெழமை தவறாம மாட்டுக்கு அகத்திக்கீரை குடுக்குறவ நானு. அதோட எலும்ப வாயில வச்சுக்கிட்டு இவுக வீட்டுக்குள்ள வருவாகளா?"

"ஆட்டு எலும்பு இருக்காம்மா?" என்று நான் கேட்டேன். "அது எனக்குப் பழகுன சரக்கு."

"அது மட்டும் எங்ககிட்ட இல்லண்ணே" என்றார் டாக்டரம்மா, முகம் மாறாமல். "அடுத்தது ஒரு ஜெல்லு. பல்லு முளைக்கிறப்ப அதச் சுத்தி உருவாகுற புரதத்துல செஞ்சது. வேர் மேல தடவுனா, பல்லைப் பிடிக்கிற நாரும் எலும்பும் திரும்ப உருவாகத் தூண்டும். அத பன்றிக்குட்டியோட வளர்ற பல்லுல இருந்து எடுக்குறாங்க."

காதர் பாய் எழுந்துவிட்டார். "மாப்ள, பஸ்ஸுக்கு நேரமாச்சு, நான் வாரேன்."

"உக்காருங்க பாய், உங்களுக்கு இன்னும் ஒண்ணும் வைக்கல" என்றார் டாக்டரம்மா. "மருந்துன்னு எடுத்துக்கிறவங்களும் இருக்காங்க. உங்க பெரியவங்களக் கேட்டுக்கங்க. மனசு ஒப்பலன்னா வேற வழி இருக்கு."

அடுத்து மனித எலும்பு. இறந்த பிறகு தானமாகக் கொடுத்தவர்களுடையதைப் பரிசோதித்து, பதப்படுத்தி வைத்திருப்பார்களாம். "வெளிநாட்டுக்காரர் எலும்பா இருந்தா எனக்கு இங்கிலீஷ் வருமாம்மா?" என்று கேட்டேன். "தமிழே நிக்க மாட்டேங்குது, இதுல அது வேற" என்றாள் உன் அம்மா. அப்புறம் நம் சொந்த எலும்பு. தாடையின் பின்பக்கத்திலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து இங்கே வைப்பது. அப்புறம், எந்த உயிரிலிருந்தும் வராத, தொழிற்சாலையில் செய்கிற செயற்கைப் பொடி. கடைசியாக நம் ரத்தம். கையில் கொஞ்சம் ரத்தம் எடுத்து மெஷினில் வேகமாகச் சுற்றினால் மஞ்சளாக ஒரு கட்டி தனியே வரும், அதில் புண் ஆறுவதற்கான சத்து இருக்கிறது என்றார். "தயிரு கடைஞ்சா வெண்ணெய் வர்ற மாதிரியா?" என்று உன் அம்மா கேட்டாள். "கிட்டத்தட்ட அதே மாதிரிதாம்மா" என்றார். அன்றைக்கு முழுக்க உன் அம்மா தலையாட்டிச் சம்மதித்தது அந்த ஒன்றுக்குத்தான்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். எது நல்லது? நானும் அதைத்தான் கேட்டேன். டாக்டரம்மா பொடியைப் பற்றிப் பேசாமல் குழியைப் பற்றிப் பேசினார். எலும்பு கரைவதில் இரண்டு விதம். ஒன்று, பல்லை ஒட்டிக் கிணறு மாதிரி கீழ்நோக்கிக் கரைவது. சுற்றிலும் எலும்புச் சுவர் மிச்சம் இருக்கும். இன்னொன்று, வெள்ளத்தில் கரை போகிற மாதிரி மொத்தமாக மட்டம் இறங்கிப்போவது. நம் சித்தப்பா வயலில் பார்த்திருக்கிறாயே, மூன்று பக்கம் வரப்பு இருந்தால் கொட்டின வண்டல் அங்கேயே நிற்கும். ஒரு பக்கம் மட்டும் வரப்பு இருந்தால் அடுத்த மழைக்கு அவன் வயல் மண் எவன் வயலுக்கோ போய்விடும். எலும்புக்கும் அதே கணக்குத்தான். சுவர் இருக்கிற, குறுகலான, ஆழமான குழியில் எதை வைத்தாலும் பலன் கொடுக்க வாய்ப்பு உண்டு. சுவர் இல்லாத இடத்தில் எதை வைத்தாலும் பெரிதாக எதிர்பார்க்க முடியாது.

குழி சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம்தான் எதை வைப்பது என்ற கேள்வி. நம் சொந்த எலும்பு உயிருள்ளது, அதனால் வேலை செய்யும். ஆனால் இன்னொரு இடத்தில் புண்ணாகும், கிடைப்பதும் கொஞ்சம்தான். தானமாக வந்த எலும்பும் நல்லதே. எல்லா ஊரிலும் எளிதாகக் கிடைக்காது, சிலருக்கு மனம் ஒப்பாது. மாட்டு எலும்புப் பொடி மெதுவாகக் கரையும். ரொம்ப நாள் அப்படியே நின்று இடத்தைப் பிடித்து வைக்கும். குழி கொஞ்சம் அகலமாக இருந்தால் அது உதவும். செயற்கைப் பொடிக்கு யார் மனமும் புண்படாது, குழியை நிரப்பும், எக்ஸ்ரேயில் பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் நிரம்புவது வேறு, வேரோடு புதிய நார் போய் ஒட்டுவது வேறு, அந்த ஒட்டுதலை அது உறுதியாகத் தரும் என்று சொல்ல முடியாது என்றார். பன்றி ஜெல் அந்த ஒட்டுதலுக்குப் பெயர் பெற்றது. புண்ணும் நன்றாக ஆறும். ஆனால் அது கஞ்சி மாதிரி. அகலமான குழியில் தனியாக விட்டால் ஈறு உள்ளே சரிந்துவிடும், கூடவே ஏதாவது பொடி வேண்டும். ரத்தக்கட்டி நம்முடையதே, ஒவ்வாமைப் பயம் இல்லை, வெறுமனே சுத்தம் செய்து தைப்பதைவிட அதையும் வைத்தால் பலன் கூடும். அதையும் பொடியோடு கலந்து வைப்பவர்கள் உண்டு.

இன்னும் ஒன்று மிச்சம், சவ்வு. ஈறுச் சதை ஆடு மாதிரி, எங்கே இடம் கிடைத்தாலும் வேகமாக நுழைந்துவிடும். எலும்பு தென்னங்கன்று மாதிரி, நிதானமாகத்தான் வரும். ஆடு முதலில் நுழைந்துவிட்டால் கன்று தேறாது. அதனால் நடுவில் மெல்லிய சவ்வு ஒன்றை வேலியாக வைத்துத் தைப்பார்கள். தானே கரைந்துவிடுகிற சவ்வென்றால் எடுப்பதற்கு மறுபடி கத்தி வைக்க வேண்டாம். அந்தச் சவ்வும் பெரும்பாலும் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோதான் வரும் என்று டாக்டரம்மா சொன்னபோது, உன் அம்மாவும் காதர் பாயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் இருவரும் அப்படி ஒற்றுமையாக நான் பார்த்ததே இல்லை.

எனக்கு என்ன நடந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். இடது பக்கக் குழிக்கு மூன்று சுவர் இருந்தது. செயற்கைப் பொடியோடு என் ரத்தக்கட்டியைக் கலந்து வைத்துத் தைத்தார். பல மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் கருப்பாக இருந்த இடம் முக்கால்வாசி வெளுத்திருந்தது. பல் இப்போது ஆடவில்லை, நல்லி கடிக்கிறேன். வலது பக்கம் எலும்பு மட்டமாக இறங்கிவிட்டது, பொடி வைப்பது வீண் என்றார். "வச்சுத்தான் பாப்பமேம்மா" என்று கெஞ்சினேன். "வைக்கலாம்ணே. நிக்காது. உங்களுக்கு வேதனைதான் மிச்சம்" என்று சொல்லி, திறந்து சுத்தம் மட்டும் செய்தார். கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது, அப்புறம் பிடுங்கினோம். படத்தில் தெரிகிற ஓட்டை அதுதான். ஒரே வாய், ஒரே டாக்டர், ஒரே பேஸ்ட். ஒன்று பிழைத்தது, ஒன்று போனது. இதில் நான் கெட்டிக்காரனும் இல்லை, முட்டாளும் இல்லை. குழி அப்படி.

பேசாமல் பிடுங்கிவிட்டுச் செயற்கைப் பல் வைத்துவிட்டால் கல்யாணத்துக்குள் வேலை முடிந்துவிடுமே என்று நீ யோசிக்கிறாய். தெரியும். அந்தச் செயற்கைப் பல்லும் அதே எலும்பில்தான் நிற்க வேண்டும். அதைச் சுற்றியும் இதே நோய் வரும். இருக்கிற பல்லை வைத்துப் பார்த்துவிட்டு அப்புறமும் பிடுங்கலாம். பிடுங்கிவிட்டு அப்புறம் வைத்துப் பார்க்க முடியாது. அதோடு உன் டாக்டர் என்ன சொன்னார்? குழி குறுகல், ஆழம், மூன்று பக்கமும் சுவர் இருக்கிறது என்றார். என் இடது பல்லுக்குக் கிடைத்த அதே அதிர்ஷ்டம். உன் பல்லுக்கு வாய்ப்பு இருக்கிறது. பொடி அநேகமாக எதுவாக இருந்தாலும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? போன வாரம் டாக்டர் அறையிலிருந்து நீ என்னை ஸ்பீக்கரில் போட்டாயே, அப்போது கேட்டேன். அதற்கப்புறம் டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். "ஸ்மோக் பண்ணுவீங்களா?" நீ டாக்டரிடம் "சேச்சே, இல்ல சார்" என்றாய். டாக்டர் "ரொம்ப நல்லது, அப்ப தள்ளிப்போடாம செஞ்சிரலாம்" என்றார். நான் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, "நல்லது சார்" என்றேன். வேறு என்ன சொல்வது?

நாம் இரண்டு பேரும் இத்தனை வருடமாக ஒரு நாடகம் நடத்துகிறோம், மகனே. நீ காலேஜில் படிக்கும்போதே எனக்குத் தெரியும். முக்குக் கடைக்கு நான் வரும்போது தூரத்திலேயே, "அண்ணே, வெத்தல வந்துருச்சா?" என்று கத்துவேன். எனக்கு வெற்றிலை போடுகிற பழக்கமே கிடையாது. கடைக்காரர் என்னைவிடச் சத்தமாக, "வாங்க கண்டக்டரண்ணே, வாங்க!" என்பார். நான் வந்து சேரும்போது நீ ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பின்பக்கத்தை ரொம்ப அக்கறையாகப் படித்துக்கொண்டிருப்பாய். காலடியில் புகை வரும். "என்னய்யா, சாப்பிட வரலையா?" என்பேன். "வாரேன்ப்பா" என்பாய், வாயைத் திறக்காமல். தெருவே இதில் நடிக்கும். அப்பன் முன்னால் பிள்ளை புகைக்கக் கூடாது. பிள்ளை புகைப்பதை அப்பன் பார்த்துவிடக் கூடாது. நம் பக்கத்தில் இதற்கு மரியாதை என்று பெயர். நான் அதைக் கேலி செய்யவில்லை. எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. என்னை மதிக்காதவன் எனக்கு எதிரேயே ஊதியிருப்பான்.

ஆனால் அந்த மரியாதை இப்போது டாக்டர் அறைக்குள் வந்துவிட்டது. நீ பொய் சொன்னது டாக்டருக்காக இல்லை. ஸ்பீக்கரில் அப்பன் இருக்கிறான் என்பதற்காக. அந்த ஒரு 'இல்ல சார்' உன் பல்லைக் கொண்டுபோய்விடும். புகை ஈறுக்குப் போகிற ரத்தத்தைக் குறைத்துவிடும், தைத்த இடம் சரியாக ஆறாது, புது எலும்பு வளர்வது தடுமாறும் என்று டாக்டரம்மா சொன்னதைக் காதால் கேட்டவன் நான். புகைக்கிறவனுக்கு ஈறில் ரத்தம்கூட அதிகம் வராதாம். நோய் உள்ளே வளர, வெளியே நன்றாக இருப்பதுபோலத் தெரியுமாம். மாடு, பன்றி, மனிதன், செயற்கை, சொந்த ரத்தம், எதை வைத்தாலும் தினமும் அதன் மேல் புகையை விட்டால் பலன் பாதியாகும், சில நேரம் ஒன்றுமே இருக்காது. வைத்தது நிற்கவில்லையென்றால் ஈறு இன்னும் மேலே ஏறும். அது முன்பல் வரிசை. கடைவாய் மாதிரி ஒளித்துவைக்க முடியாது.

காதர் பாய்க்கு நடந்ததைச் சொல்கிறேன், அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவரும் புகைக்கிற ஆள். முதல் தடவை டாக்டரம்மாவிடம் போனபோது அவருடைய அத்தாவும் கூட வந்திருந்தார். எண்பதைத் தாண்டிய மனிதர், மகன் பல்லுக்குத் துணையாக வந்து உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா அதே கேள்வியைக் கேட்டார். பேரன் பேத்தி எடுத்த காதர் பாய், ஸ்டீயரிங் பிடித்தால் எழுமலையே ஒதுங்குகிற காதர் பாய், தலையைக் குனிந்துகொண்டு, "இல்லம்மா" என்றார். நான் கூரையைப் பார்த்தேன். அடுத்த வாரம் அத்தாவை வீட்டில் விட்டுவிட்டு, என்னையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தார்.

"என்னண்ணே சொன்னாங்க?"

"ஒண்ணும் வைக்க மாட்டாங்களாம் மாப்ள. மொதல்ல அத விட்டுட்டு வரச் சொல்லிட்டாங்க. அதுவரைக்கும் சுத்தம் மட்டும்தான்."

"திட்டுனாங்களா?"

"இல்லப்பா. சொன்னதுக்கு தேங்ஸ்னாங்க. அதான் ஒரு மாதிரியா இருக்கு."

விடுவதற்கு ரொம்பக் கஷ்டப்பட்டார். கியர் மாற்றுகிற கை சும்மா இருக்க முடியாமல் ஹாரனாக அடித்தார். வழியெல்லாம் மாடுகள் மிரண்டன. ஒரு தடவை விட்டு, மறுபடி பிடித்து, மறுபடி விட்டார். மாதங்கள் போன பிறகுதான் டாக்டரம்மா ஈறைத் திறந்தார். என்னுடைய அதே செயற்கைப் பொடி, அவருடைய ரத்தக்கட்டி. நின்றுவிட்டது. அவருடைய அத்தாவுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. தெரிந்தும் இருக்கலாம். அன்றைக்கு அவர் ஏன் வீட்டிலேயே இருந்துகொண்டார், ஏன் நானும் வருகிறேன் என்று கிளம்பவில்லை என்று நான் பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன்.

ஆகவே திங்கட்கிழமை நான் சென்னைக்கு வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நீயும் அதையே சொல். நீ தனியாக உள்ளே போ. போனை அணைத்துவிடு; அந்தப் பக்கம் நான் இருக்கிறேன் என்று தெரிந்தால் உனக்கு வாய் வராது. கதவைச் சாத்திக்கொள். டாக்டர் மறுபடி கேட்காவிட்டாலும் நீயாகப் பேச்சை எடு. உள்ளே என்ன சொன்னாய் என்று நான் கேட்க மாட்டேன். நீயும் என்னிடம் சொல்ல வேண்டாம். அந்த மரியாதை நமக்குள் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். கல்யாணத்துக்குள் முடியவில்லையே என்று கவலைப்படாதே. அந்தப் பெண் உன் பல்லைக் கட்டிக்கொள்ளவில்லை.

வெளியே வந்ததும் எனக்குப் போன் செய். எந்தப் பொடி வைக்கப்போகிறார்கள் என்று கேட்பேன். நீ ஏதாவது ஒரு பெயரைச் சொன்னால் 'சரிப்பா' என்று வைத்துவிடுவேன். 'இப்போதைக்கு ஒண்ணும் வைக்கலப்பா, தள்ளிப் போட்டிருக்காங்க' என்று சொன்னாயானால், ஏன் என்று கேட்க மாட்டேன். காதர் பாயிடம் மட்டும் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுப்பேன்.

உன் அப்பன்